கண்ணாடி மேல் மூன்று பொட்டு

“இதுக்குக் கண்ணு எங்கே இருக்கு?” என்று லுவாங்போ கேட்டார்.

புது மிஷினுக்குப் பொட்டு வைக்க வந்திருந்த ஊர்க் கோயிலின் பெரிய சாமியார் கேட்ட கேள்வி. மிஷினோடு பாங்காக்கிலிருந்து வந்த எஞ்சினியர் பையன் பதில் சொல்லியிருக்கலாம். அரிசி மில் முதலாளியம்மா ஜே கிம்லாங், அதாவது கிம்லாங் அக்கா, சொல்லியிருக்கலாம். யாரும் எதுவும் சொல்லாமல் கும்பிட்டுக்கொண்டு நின்றிருந்தால் அவரும் வெளித்தகட்டில் பொட்டை வைத்துவிட்டுப் போயிருப்பார். ஆனால் லம்துவான் இருக்கிற இடத்தில் இன்னொருவர் முதலில் வாய் திறப்பது நடக்கிற காரியமா? “நான் காட்டறேன் சாமி” என்று கூப்பிய கையோடு முன்னால் வந்து முழங்காலிட்டவள், மிஷினின் முன்கதவைத் தூக்கித் திறந்தே விட்டாள். உள்ளே நீளமான கண்ணாடி ஒன்று பளபளத்தது.

“இந்தக் கண்ணாடிக்குப் பின்னாடி வரிசையா கேமரா இருக்கு சாமி. அரிசி இதுக்கு முன்னாடி அருவி மாதிரி விழும். பழுப்பு, கறுப்பு, சுண்ணாம்பு பூத்தது, எதைக் கண்டாலும் காத்தடிச்சு வெளியே தள்ளிடும்.”

“அப்போ புண்ணியம் கண்ணுக்குத்தான் வேணும். தகரத்துக்கு எதுக்கு?” என்றார் லுவாங்போ. வாசனை நீரில் குழைத்த வெள்ளைச் சாந்தை விரலில் தொட்டு, அந்தக் கண்ணாடி மேல் முக்கோணமாக மூன்று பொட்டு வைத்தார். அதன் மேல் தங்க இலையை ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தி, மந்திரம் சொல்லி ஊதினார். புல்கட்டால் தீர்த்தம் தெளித்தார். மில்லே கூடி “சாது, சாது” என்று ஆமோதித்தது.

எஞ்சினியர் பையனும் சாது சொன்னான். ஆனால் அவன் கண் அந்தப் பொட்டுகளை விட்டு நகரவில்லை. அந்தக் கண்ணாடியில் விரல் ரேகைகூடப் படக்கூடாது என்று வந்த நாளிலிருந்து தொண்டை கிழியக் கத்தியவன் அவன்தான்.

அவனை எல்லாரும் கோல்ஃப் என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் கோயிலில் கேட்டு வைத்த நீளப் பெயர் ஒன்று இருந்தது; அது அவனுடைய அடையாள அட்டையில் பத்திரமாக இருந்தது. மெலிந்த பையன். சட்டைக்குள் தாயத்துகள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுக்கும். மிஷின் விற்ற கம்பெனி அவனை வடகிழக்கே இந்த சுரின் பக்கம் அனுப்பியது இரண்டு வேலைக்காக. அரிசியை நிறம் பார்த்துப் பிரிக்கிற இந்தக் கலர் சார்ட்டரைப் பொருத்தி ஓடவைக்க வேண்டும்; ஓட்டுவதற்கு மில்லிலேயே ஒரு ஆளைத் தயார் பண்ண வேண்டும்.

அந்த ஆள் தான்தான் என்று லம்துவான் எப்போதோ முடிவு கட்டிவிட்டாள். அதுவரை அவள் சாக்குத் தைக்கிற பகுதிக்கு மேஸ்திரி. நாற்பதைத் தாண்டியவள், அகலமான தோள், அதைவிட அகலமான குரல். புது மிஷின் வருகிறது, ஓட்டுவதற்குக் கம்பெனி ஆளையே அறுவடைக் காலம் முழுக்க வைத்துக்கொள்ளப் போகிறார்கள் என்று காதில் விழுந்ததும் நேரே ஆபீஸ் அறைக்குள் போய் நின்றாள்.

“வெளியூர்க்காரன் எதுக்கு ஜே? நான் ஓட்டறேன்.”

ஜே கிம்லாங் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். “ஓட்டுவே, ஓட்டுவே. சாக்குத் தைக்கிற ஊசின்னு நெனச்சியா?”

“ஊசியும் மிஷின்தானே ஜே. அதையும் பிறந்தப்பவே கத்துக்கிட்டா வந்தேன்?”

ஜே பேனாவைக் கீழே வைத்தாள். “சரி. அந்த எஞ்சினியர் உன்னால முடியும்னு கையெழுத்துப் போட்டா நீதான். போடலேன்னா கம்பெனி ஆளு வருவான், நீ வாயைப் பொத்திக்கிட்டு சாக்குக்குத் திரும்பிப் போகணும். அப்புறம் இந்த அறைப் பக்கம் வந்து எதையும் கேட்கக்கூடாது.”

வேறொருத்தியாக இருந்தால் இதை வெளியில் சொல்லாமல் காரியத்தைப் பார்த்திருப்பாள். லம்துவான் அன்று சாயங்காலத்துக்குள் மீன்காரியிடம் சொன்னாள், முடிவெட்டுகிறவளிடம் சொன்னாள், நாத்தனார் வீட்டுக் கல்யாணத்தில் மணப்பெண்ணின் கையில் நூல் கட்டும்போதுகூடச் சொன்னாள். கூடச் சாக்குத் தைக்கிற ராட்ரி அவளுக்குக் ‘கேப்டன்’ என்று பட்டம் கட்டிவிட்டாள். “கேப்டன் அம்மா கப்பல் எப்போ கிளம்புது?” என்று தினம் கேட்பாள். லம்துவானும் விட்டுக்கொடுக்காமல், “உனக்கு டிக்கெட் கிடையாதுடி” என்பாள்.

வாய் மட்டும் பெரிது என்று நினைத்துவிட வேண்டாம். மிஷினை லாரியிலிருந்து கிரேன் தூக்கிய நாளிலிருந்து அவள் கோல்ஃபின் நிழலாகவே திரிந்தாள். தரைமட்டம் பார்த்தபோது நீர்மட்டக் குழாயைப் பிடித்தது அவள். காற்றுக்குழாய் மாட்டியபோது ஒவ்வொரு மூட்டிலும் சோப்பு நுரையைத் தடவி, குமிழி வருகிறதா என்று பார்த்தது அவள். அந்த ஊரில் வாத்தியாரிடம் ‘புரியலை’ என்று சொல்வது அவர் சொல்லிக்கொடுத்தது சரியில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வதற்குச் சமம். அதனால் பயிற்சியில் உட்கார்ந்த மற்றவர்கள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்கள். லம்துவானுக்கு அந்த நாசூக்கெல்லாம் கிடையாது. “புரியலை தம்பி, திரும்பச் சொல்லு,” என்பாள். அவன் திரும்பச் சொன்னால், “இப்போ நீ நகரு, நான் செஞ்சு காட்டறேன், தப்புன்னா சொல்லு,” என்பாள். கோல்ஃபுக்கு முதல் நாள் கோபம் வந்தது. மறுநாள் பழகிவிட்டது. அதற்கப்புறம் அவளுக்கு மட்டும்தான் சொல்லிக்கொடுத்தான்.

சோதனை எப்படி இருக்கும் என்பதையும் அவன் ஒளிக்கவில்லை. “மேலே இருக்கிற ஹாப்பர் தொட்டி நிறைய அரிசி ஏத்தி, கடைசி மணி வரைக்கும் நீங்கதான் ஓட்டணும் அக்கா. நான் கையைக் கட்டிக்கிட்டு நிப்பேன். என் விரல் ஒரு தடவை பட்டுச்சுன்னா அதோட சோதனை செல்லாது. அது கம்பெனி சட்டம். திரும்ப வைக்கிறதுக்கு எனக்கு நாள் இல்லை, அடுத்த ஊர்ல வேற மிஷின் காத்துக்கிட்டிருக்கு.”

“நீ கையை மட்டும் இல்ல, வாயையும் கட்டிக்கிட்டு நில்லு,” என்றாள் அவள்.

இவ்வளவு ஜம்பமும் அந்த மூன்று பொட்டில் வந்து நின்றது.

பூஜை முடிந்தது, சாமியார்கள் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். எல்லாரும் ஒட்டரிசியும் சுட்ட கோழியும் பப்பாளிக்காய்ச் சம்பலும் தின்று கை கழுவிவிட்டு வந்து, மிஷினை ஓடவிட்டார்கள். நல்ல அரிசி ஒரு வாய் வழியாகவும் கழிவு இன்னொரு வாய் வழியாகவும் விழ வேண்டும். விழுந்தது. ஆனால் கழிவுச் சாக்கில் விழுந்தது என்ன? முத்து முத்தான மல்லிகை வாசனை அரிசி! பொட்டு இருந்த இடத்துக்கு நேராக வருகிற அரிசி முழுவதும் மிஷினுக்குக் கறுப்பாகத் தெரிந்தது. கறுப்பு என்றால் ஊதித் தள்ளு என்பதுதானே அதற்குப் படித்துக் கொடுத்த பாடம்? ஈவிரக்கமில்லாமல் ஊதித் தள்ளியது.

ராட்ரி கழிவுச் சாக்கிலிருந்து ஒரு கை அள்ளி முகர்ந்து பார்த்தாள். “கேப்டன், கழிவே இவ்வளவு நல்லா இருக்கே, நல்ல அரிசி எப்படி இருக்குமோ!”

லம்துவான் சிரிக்கவில்லை. எல்லாருக்கும் கோளாறு எங்கே என்று தெரியும். தெரிந்தும் என்ன? துடைக்க யார் கை நீளும்? கோல்ஃப் ஒரு துணியை எடுத்தான், கண்ணாடி வரை கொண்டுபோனான், தாயத்துகள் கிணுகிணுத்தன, துணியை மடித்து மறுபடி பையில் வைத்துவிட்டான்.

“கம்ப்யூட்டர்ல ஏதாவது செஞ்சு பாக்கறேன்,” என்றான்.

“கண்ணுல பூ விழுந்தவனுக்குக் காதுல மருந்து விட்டா சரியாயிடுமா தம்பி?”

“அப்போ நீங்களே துடைங்க அக்கா.”

லம்துவான் தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். அவள் பின்வாங்கியதை மில் அன்றைக்குத்தான் பார்த்தது.

ஜே கிம்லாங் சத்தம் கேட்டு வந்துவிட்டாள். “கண்ணாடியில எவனாவது கை வெச்சீங்க, கையை ஒடிச்சிடுவேன்!” என்றாள். அந்தக் கத்தலுக்குப் பின்னால் பயம் இருந்தது. அவள் புருஷன் உயிரோடு இருந்த காலத்தில் புது லாரியின் கூரையில் லுவாங்போ இப்படித்தான் பொட்டு வைத்தார். மனுஷன் சுத்தக்காரர், கறை மாதிரி இருக்கிறது என்று ஈரத்துணியால் துடைத்துவிட்டார். அந்த மாசமே லாரி வாய்க்காலில் கவிழ்ந்தது. மனுஷன் தப்பித்துவிட்டார், பிறகு அவர் போய்ச் சேர்ந்தது நுரையீரல் நோயில். ஆனாலும் ஜே கணக்கில் அவளுக்கு வந்த கஷ்டமெல்லாம் அந்த ஈரத்துணியில் ஆரம்பித்ததுதான்.

இப்படி இவர்கள் நின்று பேசிக்கொண்டிருந்தபோதே மிஷின் தன் வேலையைக் காட்டிவிட்டது. அந்தக் கண்ணாடிக்குக் கார் முன்கண்ணாடிக்கு இருப்பது போலத் துடைப்பான் ஒன்று உண்டு. தூசி படியாமல் இருக்க, அவ்வப்போது அதுவே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை துடைத்துவிட்டுப் போகும். அதை நிறுத்தி வைக்கக் கோல்ஃப் மறந்துவிட்டான். சர்ர்ரென்று ஒரு சத்தம். எல்லாரும் திரும்பிப் பார்த்தால், மூன்று பொட்டும் கண்ணாடி முழுக்க வெள்ளையாக இழுபட்டிருந்தன.

“ஐயோ!” என்றாள் ஜே.

என்ஜின் அறையிலிருந்து எட்டிப் பார்த்த புன்மா பெரியப்பா கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறைதான். மில்லிலேயே வயசில் மூத்தவர், கொஞ்ச காலம் காவி கட்டி இருந்தவர் என்பதால் புண்ணிய பாவ விஷயத்தில் அவர் சொல்தான் செல்லும். “மனுஷன் துடைக்கலையே,” என்றார் யோசித்து. “மிஷின் தானே துடைச்சுக்கிச்சு. அந்தப் பாவம் மிஷினோடது.”

“அப்போ இன்னொரு தடவை துடைச்சுக்கட்டுமே பெரியப்பா!” என்றாள் ராட்ரி.

துடைக்க விட்டுப் பார்த்தார்கள். அது பாவத்தை இன்னும் அகலமாகப் பூசியது. முதலில் அரிசி விழுகிற ஓரிரண்டு வழியில் மட்டும் கெட்டிருந்தது, இப்போது எல்லா வழியிலும் நல்ல அரிசி கழிவுக்குப் போனது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். கோல்ஃப் மிஷினை அணைத்துவிட்டு, நெற்றியைப் பிடித்துக்கொண்டு சாக்கு மேல் உட்கார்ந்தான். வைத்தவரையே கேட்டுவிடலாம் என்று லம்துவான் கோயிலுக்குப் போன் போட்டாள். லுவாங்போ பக்கத்து ஜில்லாவில் ஒரு சாவுக்கு ஓதப் போய்விட்டார், வர இரண்டு நாள் ஆகும், மந்திரம் ஓதப் போகிற இடத்துக்குப் போனைக் கொண்டுபோக மாட்டார் என்றார்கள்.

“நாளைக்கு மத்தியானம் எனக்கு பஸ் அக்கா,” என்றான் கோல்ஃப். “இதே நிலைமைன்னா என்னால கையெழுத்துப் போட முடியாது. கம்பெனி ஆளை அனுப்பிடுவாங்க.”

“அவன் வந்து மட்டும் துடைச்சிடுவானா?”

“அவன் லுவாங்போ வர்ற வரைக்கும் காத்திருப்பான். அவனுக்கு அறுவடை முழுக்க நேரம் இருக்கு. உங்களுக்கு நாளைக்கு மத்தியானம் வரைக்கும்தான்.”

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் லம்துவான் தன்னையே திட்டிக்கொண்டு போனாள். யார் கேட்டார்கள் உன்னைக் கதவு திறக்கச் சொல்லி? நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நீ வாயால் மட்டுமா கெட்டாய், கையாலும் கெட்டாய். சாக்குப் பகுதிக்குத் திரும்பிப் போவதில் அவளுக்கு வெட்கமில்லை, அது நல்ல வேலைதான். ஆனால் அந்த மிஷின் அவளுக்கு வேண்டும். வேண்டும் என்றால் வேண்டும். அரிசி விழுகிற வேகத்தில் ஒரு கெட்ட மணியை மட்டும் அது தேர்ந்து ஊதுகிற சத்தத்தை முதன்முதலாகக் கேட்டபோது அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அப்படியொரு ஆசை அவளுக்குக் கல்யாணமான புதிதில்கூட எதன்மேலும் வந்ததில்லை. இதை மட்டும் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

சாயங்காலம் வாசலில் கை கழுவினபோது, கல்யாண வீட்டில் அவள் கையிலும் கட்டிவிட்ட நூல் இன்னும் மணிக்கட்டில் இருப்பதைப் பார்த்தாள். ஈரத்தில் நைந்துபோயிருந்தது. பல்லால் முடிச்சை அவிழ்த்து, சாமி மாடத்தில் புத்தர் காலடியில் வைத்தாள். வைத்த கை அப்படியே நின்றது. நூலை யாரும் வெட்டி எறிவதில்லை, அவிழ்த்து மாடத்தில் வைப்பார்கள். வாடின மாலையைக் குப்பையில் போடுவதில்லை, அரசமரத்தடியில் வைப்பார்கள். உடைந்த சாமி சிலையைக்கூடக் கோயில் மதிலோரம் கொண்டுபோய் உட்காரவைப்பார்கள். புண்ணியத்தைத் துடைத்துப் போடுவதுதானே தப்பு? ஒரு இடத்திலிருந்து எடுத்து இன்னொரு இடத்தில் வைத்தால் அதை யார் தப்பு என்பார்கள்?

“அட முட்டாளே!” என்று லம்துவான் தன்னைத்தானே கூப்பிட்டுக்கொண்டாள். அன்று அவள் நன்றாகத் தூங்கினாள்.

மறுநாள் தலைக்குக் குளித்து, கோயிலுக்குப் போகிற வெள்ளை ரவிக்கை போட்டுக்கொண்டு மில்லுக்கு வந்தாள். ராட்ரி பார்த்தவுடனேயே, “கேப்டன், கப்பல் மூழ்கினதுக்குத் துக்கமா?” என்றாள்.

“வேலையைப் பாருடி. ஜே எங்கே?”

ஜே கிம்லாங் மிஷினுக்குப் பக்கத்திலேயே காவல் மாதிரி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். கோல்ஃப் பையை மூட்டை கட்டி வாசலில் வைத்திருந்தான். புன்மா பெரியப்பாவும் வந்து நின்றார். லம்துவான் நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

“ஜே, ஒண்ணு கேக்கணும். அண்ணன் அன்னைக்கு லாரியில பொட்டைத் துடைச்சாரே, அந்தத் துணியை என்ன பண்ணினாரு?”

ஜே முகம் கடுகடுத்தது. “என்ன பண்ணுவாரு? வாய்க்கால்ல அலசிக் காயப்போட்டாரு.”

“அதான் விஷயம். லுவாங்போ குடுத்ததை அண்ணன் வாய்க்காலுக்குக் குடுத்துட்டாரு. வாய்க்கால் இன்னும் கேட்டுச்சு, லாரியையும் வாங்கிக்கிச்சு.”

யாரோ களுக்கென்று சிரித்து, ஜேயைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கினார்கள். ஜே சிரிக்கவும் இல்லை, அதட்டவும் இல்லை. இத்தனை வருஷம் அவள் இந்தக் கோணத்தில் யோசித்ததில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

“நான் யாருக்கும் குடுக்கப் போறதில்லை ஜே. கண்ணாடியிலேர்ந்து எடுத்து என் நெத்தியில வெச்சுக்கப் போறேன். மில்லோட புண்ணியம் மில்லுக்குள்ளேயேதான் இருக்கும். தப்புன்னா என் தலையிலதானே இருக்கு, எனக்கு வரட்டும்.”

“உனக்கு ஏதாவது ஆச்சுன்னா?” என்றாள் ஜே. அவள் குரல் மாறியிருந்தது.

“ஆகட்டும் ஜே. இந்த மிஷின் கிடைக்காம போறதைவிட வேற என்ன பெருசா ஆயிடப் போகுது எனக்கு?”

சொன்னபிறகுதான் தன் வாயிலிருந்து என்ன வந்துவிட்டது என்று அவளுக்கே தெரிந்தது. ஜே புன்மாவைப் பார்த்தாள். புன்மா பெரியப்பா தாடையைத் தடவினார். “எடுத்துத் தலையில வெச்சுக்கிறதுன்னா… அது துடைக்கிறது இல்லையே,” என்றார். “அது வாங்கிக்கிறது.”

லம்துவான் அதற்குமேல் காத்திருக்கவில்லை. மிஷினுக்கு முன்னால் மண்டியிட்டுக் கும்பிட்டாள். கதவைத் தூக்கினாள். காய்ந்த சாந்தை அப்படியே தேய்த்தால் கண்ணாடியில் கீறல் விழும் என்று அவளுக்குத் தெரியும். மெத்தென்ற துணியை நனைத்து ஒற்றி ஒற்றி முதலில் ஊறவைத்தாள். பிறகு ஒரே திசையில், திருப்பிக் கொண்டுவராமல், ஓர் இழுப்பு. துணியில் ஏறிய வெள்ளையை விரலில் எடுத்து, கண்ணை மூடி, நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

மில்லே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. கூரை இடிந்து விழவில்லை. வெளியே ஒரு டிராக்டர் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

அவள் அடுத்த இழுப்புக்குத் துணியை மடித்தபோது பின்னால் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

“எல்லாத்தையும் நீயே வெச்சுக்குவியா?” என்றாள் ஜே கிம்லாங். “மிஷின் வாங்கினது நான். எனக்கும் வை.”

அவ்வளவுதான், மில் முழுக்க வரிசையில் நின்றுவிட்டது. கூட்டத்தில் ஒருவன் கண்ணாடியையே தொட்டு எடுக்க விரலை நீட்டினான். “ஏய்! கண்ணாடியில விரல் வெச்சே, விரல் இருக்காது!” என்று லம்துவான் போட்ட சத்தத்தில் அவன் இரண்டடி பின்னால் போனான். துணியிலிருந்து அவளே எடுத்து ஒவ்வொருவர் நெற்றியிலும் வைத்தாள். புன்மா பெரியப்பா முறை வந்தபோது மட்டும் தயங்கினாள். வயசில் மூத்த ஆம்பிளை, காவி கட்டியிருந்த தலை. அதை அவள் தொடலாமா? பெரியப்பாவே உள்ளங்கையை நீட்டி வாங்கித் தானே வைத்துக்கொண்டார். ராட்ரி குனிந்து நெற்றியைக் காட்டிக்கொண்டே, “எனக்குக் கொஞ்சம் பெருசா வைடி, கேப்டனோட சிநேகிதி இல்லியா,” என்றாள். கடைசியில் கோல்ஃப் வந்தான். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு அவன் நின்ற நிலையைப் பார்த்து அவளுக்கு அவன் மேல் பாசமே வந்துவிட்டது. துணியில் ஒட்டியிருந்த தங்கத்துணுக்குகளை வெளித்தகட்டில், யாருக்கும் தொந்தரவு இல்லாத ஒரு மூலையில் ஒட்டினாள். மிஷினுக்கும் ஒரு பங்கு வேண்டுமல்லவா? துணியை மடித்து ஜேயிடம் கொடுத்தாள். ஜே அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போய் ஆபீஸ் மாடத்தில் வைத்தாள்.

சோதனை தொடங்கியது. கோல்ஃப் சொன்னபடியே கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றான். லம்துவான் திரையைத் தொட்டாள். விளக்குகள் எரிந்தன, மேலே ஹாப்பர் அதிரத் தொடங்கியது, அரிசி இறங்கியது. ஊதுகுழல்கள் பொரிகிற மாதிரி படபடவென்று சத்தம் போட்டன. ஜே கிம்லாங் கழிவுச் சாக்கில் கை விட்டு அள்ளிப் பார்த்தாள். பழுப்பு, கறுப்பு, சுண்ணாம்பு பூத்த மணி. நல்ல அரிசி அதில் தேடினாலும் கிடைக்கவில்லை. லம்துவான் முகத்தில் பழைய லம்துவான் திரும்பி வந்துவிட்டாள். “அரிசி வரத்தைக் கூட்டறேன் தம்பி, பாத்துக்கோ,” என்றாள். கூட்டினாள். மிஷின் தாங்கியது. இன்னும் கூட்டினாள்.

ஹாப்பரில் பாதி இறங்கியிருக்கும். திடீரென்று மிஷின் கீச்கீச்சென்று கத்தியது. திரையில் சிவப்பு விளக்கு அடித்தது. ஊதுகுழல்களின் படபடப்பு தேய்ந்து, இளைப்பு நோய்க்காரன் ஊதுகிற மாதிரி ஆகிவிட்டது.

பழக்கம் பொல்லாதது. கோல்ஃபின் கை தானாகப் பிரிந்து, திரையை நோக்கி நீண்டது. அவன் மனசாரச் செய்யவில்லை. சிவப்பைக் கண்டால் நீள்கிற கை அது. விரல் திரையைத் தொட ஒரு சாண்தான் பாக்கி.

பளார்!

லம்துவான் அடித்த அடியில் அவன் கை தெறித்துப் போனது. மில் முழுக்கக் கேட்டிருக்கும். “கையை எடு! இது என் மிஷின்!”

வெளியூர் விருந்தாளி. படித்த பையன். அவன் கையெழுத்துக்குத்தான் இத்தனை பாடும். அவனைப் போய் அடித்துவிட்டாளே என்று எல்லாரும் உறைந்து நின்றார்கள். அவளுக்கு அதெல்லாம் பார்க்க நேரமில்லை. முதலில் அரிசி வரத்தை நிறுத்தினாள். காற்று இல்லாதபோது விழுகிற ஒவ்வொரு மணியும் கெட்டதை நல்லதோடு கலக்கும். குனிந்து காற்றுக்குழாயின் வடிகட்டியைப் பார்த்தாள். கிண்ணத்தில் தண்ணீர் கழுத்தளவு கோத்திருந்தது, விடியற்காலைப் பனியின் வேலை. அடித்திருகைத் திறந்தாள். தண்ணீர் புஸ்ஸென்று அவள் வெள்ளை ரவிக்கை மேலேயே பீய்ச்சியது. காற்றழுத்த மானியின் முள் மெல்ல ஏறி, பச்சைக்கு வந்தது.

“ராட்ரி! கடைசியா விழுந்த அரிசியில கெட்டது கலந்திருக்கும். அதை எடுத்துத் திரும்ப மேலே கொட்டுங்க, மறுபடி வரட்டும்!”

“சரி கேப்டன்!” என்றாள் ராட்ரி. இந்தத் தடவை அதில் கேலி இல்லை.

வரத்தைத் திறந்தாள். படபடப்பு திரும்பியது. கோல்ஃப் இரண்டு கையையும் பாக்கெட்டில் ஆழமாகச் செருகிக்கொண்டு, சுவரோடு சுவராக நின்றான். அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான்.

ஜே கிம்லாங் கறுப்புத் தட்டில் நல்ல அரிசியைப் பரப்பி, வெளிச்சத்தில் வைத்து, நகத்தால் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். யாரையும் வாய்விட்டுப் பாராட்டிப் பழக்கமில்லாதவள். அரிசியில் குற்றம் கண்டுபிடித்தால் அன்றைக்கு அவளுக்கு நன்றாகப் பசிக்கும் என்பார்கள். நெடுநேரம் தள்ளிப் பார்த்தாள். பிறகு தட்டைக் கீழே வைத்துவிட்டு எஞ்சினியரைப் பார்த்தாள். அவன் அடிபட்ட கையைப் பாக்கெட்டிலிருந்து எடுத்து, ஒருமுறை உதறிவிட்டு, அதே கையால் கையெழுத்துப் போட்டான்.

“புன்மா அண்ணே,” என்றாள் ஜே, லம்துவானைத் திரும்பிக்கூடப் பார்க்காமல். “சாக்குத் தைக்கிற பக்கத்துக்கு வேற ஒரு மேஸ்திரி பாருங்க.”

மில் ஹோவென்று கத்தியது. ராட்ரி ஓடிவந்து அவளை இடுப்போடு கட்டிக்கொண்டாள். லம்துவானுக்குச் சந்தோஷத்தில் கண்ணீர் கொட்டியது, நெற்றியில் வைத்த சாந்து வியர்வையில் கரைந்து மூக்கு வரை வழிந்தது. அவள் எதையும் துடைக்கவில்லை. ஹாப்பரில் இன்னும் கொஞ்சம் அரிசி இருந்தது. கடைசி மணி இறங்கும்வரை அவள் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.